மதுவின் தடயம்: இரத்தப் பரிசோதனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

கல்லீரல் நோய்ப் பிரிவின் புறநோயாளர் அறைக்கு வரும் குடும்பங்கள், ஒரே வகையான பரிசோதனைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று விதமான கேள்விகளைக் கேட்கின்றன. "குடிப்பதை விட்டுவிட்டேன் என்று இவர் சத்தியம் செய்கிறார், இரத்தத்தைச் சோதித்து உண்மையைச் சொல்லுங்கள் டாக்டர்" என்பது ஒரு மனைவியின் வேண்டுகோள். "ரிப்போர்ட்டில் எல்லாம் நார்மல் என்று வந்துவிட்டதே, பிறகு எதற்காகக் குடிக்கக் கூடாது என்கிறீர்கள்?" என்பது ஒரு கணவரின் வாதம். "வாழ்நாளில் மதுவைத் தொட்டதில்லை, ஆனால் காமா ஜி.டி. அதிகம் என்று வந்த நாளிலிருந்து வீட்டில் எல்லோரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள்" என்பது மூன்றாமவரின் வேதனை.

மூவரும் ஒன்றையே நம்புகிறார்கள்: மனிதன் மறைத்தாலும் இரத்தம் காட்டிக் கொடுத்துவிடும் என்பதே அது. இந்த நம்பிக்கையில் பாதி உண்மை இருக்கிறது. மறுபாதியை அறியாமல் அந்தத் தாளைப் படித்தால், நோயுள்ளவர் தப்பித்துக்கொள்வார், நிரபராதி தண்டிக்கப்படுவார். எந்தப் பரிசோதனை எதை அளக்கிறது, அந்த அளவு எத்தனை நாளைக்குச் செல்லும், எங்கே அது தவறும் என்பவற்றை நோயாளிகளும் அவர்களைப் பேணுவோரும் அறிந்திருப்பது நல்லது.

அபாயகரமான குடி என்பது எது?

மது அருந்துவோர் எல்லோரும் மதுவுக்கு அடிமையானவர்கள் அல்லர். மருத்துவம் இதை மூன்று படிகளாகப் பார்க்கிறது. உடலுக்கு இன்னும் வெளிப்படையான கேடு நேரவில்லை, ஆனால் இப்படியே தொடர்ந்தால் நேரும் என்ற அளவில் குடிப்பது முதற்படி. இதனையே அபாயகரமான குடி என்கிறோம். கல்லீரலோ, கணையமோ, மனமோ ஏற்கனவே பாதிக்கப்பட்டுவிட்ட நிலை இரண்டாம் படி. மது இல்லாமல் உடல் இயங்க மறுக்கும் சார்பு நிலை மூன்றாம் படி. முதற்படியில் இருப்பவர்க்குத் தாம் நோயாளி என்ற எண்ணமே இராது. ஆனால் மிக எளிதாகத் திரும்பி வரக்கூடியவரும் அவரே.

அளவை மில்லியில் அல்லாமல், அதிலுள்ள தூய ஆல்கஹாலின் எடையில் கணக்கிட வேண்டும். நம் நாட்டில் விற்கும் விஸ்கி, பிராந்தி, ரம் ஆகியவற்றில் பொதுவாக 42.8 விழுக்காடு ஆல்கஹால் உள்ளது. எனவே 30 மில்லியில் ஏறத்தாழ 10 கிராம் தூய ஆல்கஹால் இருக்கும். 180 மில்லி கொண்ட ஒரு குவார்ட்டரில் ஏறத்தாழ 60 கிராம். "பீர்தானே" என்று சொல்வோர் உண்டு. 8 விழுக்காடு ஆல்கஹால் உள்ள 650 மில்லி பீர் பாட்டிலில் சுமார் 41 கிராம் இருக்கிறது. அதாவது நான்கு சிறு பெக் பிராந்திக்குச் சமம்.

உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில், ஆண்களுக்கு நாளொன்றுக்கு 40 கிராமைத் தாண்டினால் நடுத்தர அபாயம், 60 கிராமைத் தாண்டினால் உயர் அபாயம். பெண்களுக்கு இவ்வெல்லைகள் முறையே 20, 40 கிராம். ஆகவே "தினமும் ஒரு குவார்ட்டர் மட்டும்தான்" என்பவர் உயர் அபாயத்தின் வாசலில் நிற்கிறார். 40 கிராமுக்குக் கீழே இருப்பது பாதுகாப்பு என்றும் கொள்ள வேண்டாம். உடல்நலத்திற்குக் கேடு விளைவிக்காத மது அளவு என்று எதுவும் இல்லை என அந்நிறுவனம் 2023-இல் வெளிப்படையாக அறிவித்தது.

இரத்தத்தில் நேரடியாக மதுவை அளந்தால்?

இரத்தத்தில் உள்ள ஆல்கஹாலை நேரடியாக அளக்க முடியும். வாகன ஓட்டிகளுக்கு நம் நாட்டுச் சட்டம் வகுத்த எல்லையான 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராம் என்பது இவ்வகை அளவே. ஆனால் நம் உடல் ஆல்கஹாலை விரைவாக எரித்துவிடுகிறது. பெரும்பாலோருக்கு ஒரு மணி நேரத்தில் 100 மில்லி இரத்தத்திற்கு 15 முதல் 20 மில்லிகிராம் வரை குறைந்துகொண்டே வரும். முந்தைய இரவு அருந்தியது மறுநாள் நண்பகலுக்குள் பெரும்பாலும் சுவடின்றிப் போய்விடும்.

எனவே இப்பரிசோதனை "இப்போது குடித்திருக்கிறாரா?" என்ற கேள்விக்கு மட்டுமே விடை தரும். விபத்தில் அடிபட்டு மயக்க நிலையில் கொண்டுவரப்படுபவருக்கு இது மிக இன்றியமையாதது. பல மாதப் பழக்கத்தை இது காட்டாது. பழக்கத்தை அறிய, மது உடலில் விட்டுச்செல்லும் தடயங்களைத் தேட வேண்டும். அவை இரு வகைப்படும்: மதுவால் உறுப்புகளில் நேர்ந்த மாற்றங்கள் ஒரு வகை, மதுவிலிருந்தே உருவாகும் பொருள்கள் மற்றொரு வகை.

காமா ஜி.டி. என்னும் முதல் எச்சரிக்கை

கல்லீரல் செயல்பாட்டுப் பரிசோதனைத் தாளில் காணப்படும் காமா ஜி.டி. அல்லது ஜி.ஜி.டி. என்பது ஒரு நொதி. கல்லீரல் செல்களிலும் பித்தநாளங்களின் சுவரிலும் இது மிகுதி. பல வாரங்கள் தொடர்ந்து மிகையாக மது அருந்தும்போது இந்நொதி கூடுதலாகச் சுரந்து இரத்தத்தில் கலக்கிறது. மதுவை நிறுத்தினால் ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று வாரங்களில் பாதியாகக் குறையும். பலருக்கு நான்கு முதல் ஆறு வாரங்களில் இயல்பு நிலைக்குத் திரும்பும்.

குறைந்த செலவில், எந்த ஆய்வகத்திலும் செய்யக்கூடியது என்பது இதன் சிறப்பு. மதுவுக்கு மட்டுமே உரிய நொதி அன்று என்பது இதன் குறை. உடற்பருமன், நீரிழிவு, மதுவுக்குத் தொடர்பில்லாத கொழுப்புக் கல்லீரல், பித்தநாளத்தில் கல் அல்லது அடைப்பு ஆகியவற்றிலும் இது உயரும். வலிப்புக்காகப் பல ஆண்டுகளாக ஃபெனிடாய்ன், கார்பமாஸெபின், ஃபீனோபார்பிட்டோன் போன்ற மாத்திரைகளை உட்கொள்வோருக்கும் உயரும்.

ஐம்பது வயதைக் கடந்த, வயிறு சற்றுப் பருத்த, நீரிழிவுக்கு மாத்திரை எடுத்துக்கொள்ளும் ஓர் இல்லத்தரசிக்குக் காமா ஜி.டி. இயல்பைவிட இரு மடங்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இதில் வியப்பதற்கு எதுவுமில்லை. அவருக்குத் தேவை வயிற்று ஸ்கேனும் சர்க்கரைக் கட்டுப்பாடும், விசாரணை அன்று. தொடக்கத்தில் நாம் கண்ட மூன்றாமவரின் நிலையும் இத்தகையதாக இருக்கக்கூடும்.

எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி.: இரண்டின் விகிதம்

கல்லீரல் செல்கள் காயமுறும்போது இரத்தத்தில் கசியும் நொதிகள் இவை. ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. என்ற பெயர்களாலும் சில ஆய்வகங்கள் இவற்றைக் குறிக்கும். வைரஸால் வரும் மஞ்சள்காமாலையிலும், சாதாரணக் கொழுப்புக் கல்லீரலிலும் பெரும்பாலும் எஸ்.ஜி.பி.டி. மேலோங்கி நிற்கும். மதுவால் கல்லீரல் புண்பட்டிருந்தால் எஸ்.ஜி.ஓ.டி. அதைவிட இரு மடங்கோ அதற்கு மேலோ இருப்பது வழக்கம். தொடர்ந்து குடிப்போருக்கு வைட்டமின் பி6 குறைந்துபோவது இதற்கு ஒரு காரணம். அந்த வைட்டமின் இன்றி எஸ்.ஜி.பி.டி. போதிய அளவு உருவாவதில்லை.

மதுவினால் மட்டும் இந்த எண்கள் ஆயிரத்தை எட்டுவது அரிது. அவ்வாறு எட்டினால், வைரஸ் தொற்றோ, அளவுக்கு மீறிய பாராசிட்டமால் மாத்திரையோ, வேறு மருந்தோ காரணமா என்று மருத்துவர் தேடுவார். கல்லீரல் முற்றிலும் சுருங்கிய நிலையில், கசிவதற்குப் போதிய செல்களே எஞ்சியிராத காரணத்தால், இந்த எண்கள் இயல்பாகவே தோன்றலாம் என்பதையும் நினைவில் கொள்க. எண் குறைவது எப்போதும் நோய் குறைவதாகாது.

சிவப்பணுவின் பருமன்

முழு இரத்த எண்ணிக்கைத் தாளில் எம்.சி.வி. என்று ஒரு வரி இருக்கும். அது சிவப்பணுக்களின் சராசரிப் பருமன். 80 முதல் 100 ஃபெம்டோலிட்டர் வரை இயல்பு. பல மாதங்கள் மிகையாகக் குடிப்போரின் எலும்பு மஜ்ஜை பருத்த சிவப்பணுக்களை உருவாக்குகிறது, எம்.சி.வி. 100-ஐக் கடக்கிறது.

ஒரு சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்கிறது. ஆகவே மதுவை நிறுத்திய பின்னும் இந்த எண் இறங்க இரண்டு முதல் நான்கு மாதங்கள் ஆகும். பரிசோதனைக்கு ஒரு வாரம் முன்பு நிறுத்திவிட்டு வருபவரையும் இது காட்டிவிடும். ஆனால் ஒருவர் உண்மையாகவே நிறுத்தி ஒரு மாதம் ஆனபின் எம்.சி.வி. உயர்ந்தே இருந்தால், அவர் மறைவில் குடிக்கிறார் என்று முடிவு கட்டுவது அநியாயம். மேலும் வைட்டமின் பி12 குறைவு, ஃபோலிக் அமிலக் குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, ஹைட்ராக்சியூரியா, மெதோட்ரெக்ஸேட் போன்ற மருந்துகள் ஆகியவையும் சிவப்பணுக்களைப் பருக்கச் செய்யும்.

சி.டி.டி.: சர்க்கரைச் சங்கிலி இழந்த புரதம்

இரத்தத்தில் இரும்புச் சத்தைச் சுமந்து செல்லும் புரதத்திற்கு டிரான்ஸ்ஃபெரின் என்று பெயர். கல்லீரலில் இது உருவாகும்போது சில சர்க்கரைச் சங்கிலிகள் அதனோடு இணைக்கப்படுகின்றன. மிகையான மது இந்த இணைப்பு வேலையைக் குலைக்கிறது. சங்கிலி குறைந்த புரதங்கள் பெருகுகின்றன. இவற்றின் பங்கையே சி.டி.டி. பரிசோதனை விழுக்காடாகத் தருகிறது. இம்மாற்றத்தை 1970-களில் கண்டறிந்து உலகுக்குச் சொன்னவர்கள் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள்.

நாளொன்றுக்கு 50 முதல் 80 கிராம் வரை, இரண்டு வாரம் போலத் தொடர்ந்து அருந்தினால் இது உயரத் தொடங்கும். நிறுத்தினால் இரண்டு முதல் நான்கு வாரங்களில் இயல்புக்குத் திரும்பும். காமா ஜி.டி.யைவிட இது மதுவை நம்பகமாகச் சுட்டும். பருமனும் பெரும்பாலான மருந்துகளும் இதனைக் குழப்புவதில்லை. எனினும் கல்லீரல் நோய் முற்றியோருக்கும், கர்ப்பிணிகளுக்கும், பிறவியிலேயே டிரான்ஸ்ஃபெரின் அமைப்பு வேறுபட்டோருக்கும் தவறான விடை தரக்கூடும். வார இறுதியில் மட்டும் குடிப்பவர் இதில் அகப்படாமல் போவதும் உண்டு.

பெத்: மதுவிலிருந்தே பிறக்கும் பொருள்

மேற்கூறிய யாவும் மறைமுகச் சாட்சிகள். அண்மைக் காலத்தில் பயன்பாட்டுக்கு வந்துள்ள நேர்ச்சாட்சி ஒன்று உண்டு. பாஸ்ஃபடிடைல் எத்தனால் என்பது அதன் முழுப்பெயர். மருத்துவர்கள் சுருக்கமாகப் 'பெத்' என்பர். சிவப்பணுவின் உறையிலுள்ள கொழுப்போடு ஆல்கஹால் சேரும்போது மட்டுமே இப்பொருள் உருவாகிறது. ஆல்கஹால் உடலில் புகாமல் இது தோன்றுவதில்லை. கல்லீரல் நோய், பருமன், நீரிழிவு, மாத்திரைகள் ஆகிய எவையும் இதனை உண்டாக்குவதில்லை.

இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு முன் வரையிலான குடியை இது காட்டும். மிகையாகக் குடித்தவருக்கு அதற்கு மேலும் நீடிக்கலாம். ஒரு மில்லி இரத்தத்தில் 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் குடிக்கவில்லை அல்லது மிகக் குறைவாகவே குடித்தார் என்றும், 200-க்கு மேல் இருந்தால் தொடர்ந்து மிகையாகக் குடிக்கிறார் என்றும் பொருள் கொள்ளலாம் என 2022-இல் வல்லுநர்கள் ஒருமித்த கருத்துக்கு வந்தனர். கல்லீரல் மாற்று அறுவைக்குக் காத்திருப்போரிடம் பல நாடுகளில் இப்போது இதுவே விரும்பப்படுகிறது. இதிலும் ஓர் எச்சரிக்கை: அண்மையில் இரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தால், இரத்தம் கொடுத்தவர் குடித்த மதுவின் தடயமும் உடன் வந்திருக்கக்கூடும். சிறப்புக் கருவி தேவைப்படுவதால் எல்லா ஆய்வகங்களிலும் இது செய்யப்படுவதில்லை, செலவும் கூடுதல்.

"நார்மல்" என்பது அனுமதிச் சீட்டு அன்று

இனி அந்தக் கணவரின் வாதத்திற்கு வருவோம். மிகையாகக் குடிக்கும் பலருக்கும் காமா ஜி.டி.யும் எம்.சி.வி.யும் இயல்பான எல்லைக்குள்ளேயே இருப்பதுண்டு. இளைஞர்களிடமும், விட்டுவிட்டுப் பெருமளவில் குடிப்போரிடமும் இது இன்னும் அதிகம். சனிக்கிழமை இரவு மட்டும் இரண்டு குவார்ட்டர் அருந்தும் இளைஞரின் கல்லீரல் பரிசோதனை மாசற்றதாகத் தோன்றலாம். ஆனால் அந்த ஓர் இரவிலேயே சாலை விபத்தும், கணைய அழற்சியும், இதயத் துடிப்பின் ஒழுங்கு கெடுவதும் நேரக்கூடும். இவற்றுள் எதற்கும் காமா ஜி.டி. முன்னறிவிப்புத் தருவதில்லை.

பரிசோதனைக்கு மூன்று நாள் முன்பு மதுவை நிறுத்திவிட்டு, கடையில் கல்லீரல் டானிக் வாங்கிக் குடித்துவிட்டு வருவோரும் உண்டு. மூன்று நாளில் கரைந்துபோகும் தடயம் இரத்த ஆல்கஹால் ஒன்றே, மற்றவை எஞ்சியிருக்கும். எந்த டானிக்கும், கீழாநெல்லிச் சாறும், குடித்துக்கொண்டிருக்கும் கல்லீரலைக் காப்பாற்றாது. கண்கள் மஞ்சளானபின் வீட்டு வைத்தியத்தில் கழியும் வாரங்கள், மருத்துவத்திற்குக் கிடைத்திருக்க வேண்டிய வாரங்கள்.

இக்காரணங்களால், பொதுமக்களிடம் அபாயகரமான குடியைக் கண்டறிய இரத்தப் பரிசோதனையை முதற்கருவியாக மருத்துவம் பரிந்துரைப்பதில்லை. அதைவிடச் சிறந்தது, கேட்டறிவதே. உலக சுகாதார நிறுவனம் வகுத்த 'ஆடிட்' என்னும் வினாத்தொகுப்பில் 10 கேள்விகள் உள்ளன. எத்தனை முறை, எவ்வளவு, தொடங்கினால் நிறுத்த முடிகிறதா, காலையில் எழுந்ததும் தேவைப்படுகிறதா, பிறர் கவலை தெரிவித்தார்களா என்பன போன்றவை அவை. மொத்தம் 40 மதிப்பெண். 8 அல்லது அதற்கு மேல் வந்தால் அபாயகரமான குடி என்று கொள்ளப்படும். 20 அல்லது அதற்கு மேல் வந்தால் சார்பு நிலை உண்டா என்று முழுமையாக ஆராய வேண்டும். ஐந்து நிமிடத்தில் முடியும் இந்த உரையாடல், ஒருவர் மனம் திறந்து விடை சொன்னால், எந்த ஒற்றை நொதியையும்விட மேலானது. இரத்தப் பரிசோதனை அதற்குத் துணை. அதற்கு மாற்று அன்று.

மருத்துவமனை ஏன் கேட்கிறது?

"பித்தப்பைக் கல்லுக்கு அறுவை செய்ய வந்தோம், குடிப்பழக்கத்தைப் பற்றி ஏன் கேட்கிறார்கள்?" என்று சிலர் மனம் வருந்துகிறார்கள். ஒழுக்கத்தை அளப்பதற்காக நாங்கள் கேட்பதில்லை. நாள்தோறும் மிகையாகக் குடித்தவர் மருத்துவமனையில் சேர்ந்ததும் மது திடீரென நின்றுவிடுகிறது. மதுவின் அடக்குதலுக்குப் பழகிய மூளை கட்டவிழ்ந்து கொந்தளிக்கிறது. நிறுத்திய 6 மணி நேரத்திற்குப் பிறகு கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, உறக்கமின்மை தொடங்கலாம். முதல் 48 மணி நேரத்திற்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரை, இல்லாதவை கண்ணில் தோன்றுதல், இடம் காலம் அறியாக் குழப்பம், காய்ச்சல், கட்டுக்கடங்காப் பதற்றம் ஆகியவை சிலருக்குத் தோன்றும். டெலிரியம் ட்ரெமன்ஸ் எனப்படும் இந்நிலை உயிரைப் பறிக்க வல்லது.

அறுவை முடிந்த மூன்றாம் நாள் நோயாளி கட்டிலிலிருந்து எழுந்து, குழாய்களைப் பிடுங்கிக்கொண்டு ஓட முயன்றால், அது மயக்க மருந்தின் விளைவா, கிருமித் தொற்றா, மது நின்றதன் விளைவா என்று மருத்துவர் தேட வேண்டியிருக்கிறது. முன்பே உண்மை தெரிந்திருந்தால், தேடும் அந்த மணி நேரங்கள் மிஞ்சும். தக்க மருந்தையும் வைட்டமின் பி1 ஊசியையும் முதல் நாளிலேயே தொடங்கிவிடலாம். இந்த வைட்டமின் குறைந்த நிலையில் சிகிச்சை தாமதித்தால், நினைவாற்றலுக்கு நிலையான கேடு நேரக்கூடும்.

வேறு காரணங்களும் உள. இன்சுலின் போடுவோருக்கும், சில வகை நீரிழிவு மாத்திரை உண்போருக்கும் மதுவால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழலாம். வார்ஃபரின் உட்கொள்வோருக்கு இரத்தம் உறையும் கணக்கு மாறும். தூக்க மாத்திரையும் மதுவும் சேர்ந்தால் மூச்சு அடங்கலாம். வழக்கமான பாராசிட்டமால்கூட, நாள்தோறும் மிகையாகக் குடிப்பவரின் கல்லீரலுக்குச் சுமையாகலாம். நாள் குறித்துச் செய்யும் அறுவையாக இருந்தால், நான்கு வாரமோ அதற்கு மேலோ முன்னதாக மருத்துவ உதவியோடு மதுவை நிறுத்துவது, புண் ஆறாமை, தொற்று, இரத்தக்கசிவு ஆகியவற்றைக் குறைக்கும்.

திடீரென நிறுத்தலாமா?

கார்த்திகை பிறந்ததும் மாலை அணிந்து, அன்றே மதுவை விட்டுவிடும் ஆண்கள் நம் ஊர்களில் பலர். அந்த உறுதி போற்றத்தக்கது. 41 நாள் விரதம் என்பது காமா ஜி.டி. இறங்குவதற்கும் ஏறத்தாழப் போதுமான காலம். ஆனால் நாள்தோறும் மிகையாகக் குடிப்பவர், காலையில் குடித்தால்தான் கை நடுக்கம் நிற்கிறது என்ற நிலையில் உள்ளவர், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தவர் ஆகியோர் மருத்துவரைப் பார்க்காமல் ஒரே நாளில் நிறுத்துவது ஆபத்து. மாலை அணிவதற்கு ஒரு வாரம் முன்னரே மருத்துவரிடம் சொல்லி, மருந்தின் துணையோடு நிறுத்தலாம். அதனால் விரதத்திற்கு எக்குறையும் வாராது.

எண்கள் இறங்கும்போது

சுவீடனின் மால்மோ நகரில் ஹான்ஸ் கிறிஸ்டென்சனும் அவருடன் பணியாற்றியோரும் நடத்திய ஆய்வொன்று 1983-இல் வெளியானது. நாற்பது வயதின் பிற்பகுதியில் இருந்த ஆண்களுள், காமா ஜி.டி. மிக உயர்ந்திருந்தோரைத் தேர்ந்து இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர்க்கு, எண் உயர்ந்துள்ளது, மதுவைக் குறையுங்கள் என்று கடிதம் மட்டும் சென்றது. மற்றப் பிரிவினரைத் தொடர்ந்து அழைத்து, மாதந்தோறும் காமா ஜி.டி. பார்த்து, எண்ணைக் காட்டிப் பேசினர். ஆண்டுகள் சென்றபின், பேசப்பட்ட பிரிவினர் நோய் விடுப்பில் கழித்த நாள்களும், மருத்துவமனையில் கழித்த நாள்களும் மற்றவரைவிடக் குறைந்திருந்தன.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் எளியது. ஒருவரைக் குற்றவாளியாக்க எண்ணைப் பயன்படுத்தினால், அடுத்த முறை அவர் ஆய்வகத்திற்கே வரமாட்டார். அவருடைய முயற்சிக்குக் கிடைத்த பலனாக அதையே காட்டினால், அடுத்த மாதமும் வருவார். ஆனி மாதத்தில் 240 ஆக இருந்த காமா ஜி.டி. ஆடியில் 130, ஆவணியில் 70 என இறங்குவதைத் தம் கண்ணாலேயே காண்பவர்க்கு, வேறு அறிவுரை அதிகம் தேவைப்படாது. எனவே ஒரே ஒரு எண்ணை வைத்து முடிவு செய்யாமல், சில வார இடைவெளியில் எடுத்த இரண்டு மூன்று எண்களின் போக்கைப் பார்க்க வேண்டும். இயன்றவரை ஒரே ஆய்வகத்தில் எடுப்பது நல்லது. இயல்பு எல்லை ஆய்வகத்திற்கு ஆய்வகம் சிறிது மாறும்.

குடும்பத்தாருக்கு

"அவருக்குத் தெரியாமல் சோதித்துச் சொல்லுங்கள்" என்ற வேண்டுகோளை எங்களால் ஏற்க இயலாது. நினைவு தெளிவாக உள்ள ஒருவரின் இரத்தத்தை எதற்காகச் சோதிக்கிறோம் என்று அவருக்குச் சொல்லி, அவர் இசைவு பெறுவதே முறை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மதுவின் தீய பயன்பாட்டால் விளையும் மனநிலைகளையும் தன் வரம்பில் கொண்டுள்ளது. சிகிச்சை பெறுவோரின் விவரங்கள் மறைவாகக் காக்கப்பட வேண்டும் என்பதையும் உரிமையாக்கியுள்ளது. இது உங்கள் துயரத்தை அலட்சியப்படுத்துவதாகாது. மறைவில் எடுத்த சோதனையின் விடை எதுவாயினும், அது வீட்டில் சண்டையாக முடியுமேயன்றிச் சிகிச்சையாக முடிவதில்லை.

மாறாக, நீங்கள் கண்டவற்றைச் சொல்லுங்கள். எத்தனை ஆண்டாக, நாளில் எந்த நேரத்தில், ஏறத்தாழ எவ்வளவு, கடைசியாக எப்போது, முன்பு வலிப்போ இரத்த வாந்தியோ வந்ததா என்பவை, எந்த நொதியைவிடவும் மருத்துவருக்குப் பயன் தருவன. நோயாளியின் முன்னிலையில் சொல்லத் தயக்கம் இருந்தால் செவிலியரிடமோ சமூகப் பணியாளரிடமோ தனியே கூறலாம்.

அவருடன் பேசுவதாயின், அவர் தெளிவாக இருக்கும் காலை வேளையில் பேசுங்கள். "ரிப்போர்ட் உன்னைக் காட்டிக் கொடுத்துவிட்டது" என்று தொடங்குவதற்கும், "இந்த எண் எனக்குப் பயமாக இருக்கிறது, டாக்டரிடம் சேர்ந்து போகலாமா?" என்று தொடங்குவதற்கும் வேறுபாடு பெரிது. மனைவி கேட்காததை மகள் கேட்டால் இசைபவர் உண்டு. தம்பி சொன்னால் மறுப்பவர், வேலையிடத்து நண்பர் சொன்னால் வருவார். யார் சொன்னால் கேட்பார் என்று அறிந்தவர்கள் நீங்களே.

பரிசோதனைக்கு வருமுன்

உட்கொள்ளும் எல்லா மருந்துகளின் பட்டியலையும், நாட்டு மருந்துகள் உட்பட, கொண்டு வாருங்கள். அண்மையில் இரத்தம் ஏற்றியிருந்தால் சொல்லுங்கள். கடைசியாக மது அருந்திய நாளை உள்ளபடி சொல்லுங்கள். அந்த ஒரு தகவல் இன்றி எந்த எண்ணுக்கும் சரியான பொருள் கிடையாது. உயர்ந்த எண் வந்தால் அஞ்சவும் வேண்டாம், இயல்பான எண் வந்தால் நிம்மதியடைந்து தொடரவும் வேண்டாம். இரண்டையும் மருத்துவரிடம் காட்டிப் பொருள் கேளுங்கள்.

இரத்த வாந்தி, தார் போன்ற கருமலம், கண் மஞ்சளாதல், வயிறு வீங்குதல், பகலில் உறங்கி இரவில் பிதற்றுதல், வலிப்பு ஆகியவற்றுள் எது தோன்றினாலும் பரிசோதனை முடிவுக்காகக் காத்திராமல் உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள். 108 ஊர்தியை அழையுங்கள். மதுவை விட விரும்புவோரும் அவர்தம் குடும்பத்தாரும் போதை மீட்புக்கான 14446 என்ற கட்டணமில்லா எண்ணிலும், மனநல ஆலோசனைக்கான 14416 என்ற எண்ணிலும் பேசலாம்.

2019-இல் வெளியான தேசிய ஆய்வின்படி, நம் நாட்டில் மது அருந்துவோர் சுமார் 16 கோடி. அவர்களுள் 5 கோடிக்கும் மேற்பட்டோருக்கு மருத்துவ உதவி தேவை. இத்தனை பேருள் தம் குடும்பத்தவரும் ஒருவர் என்று சொல்லிக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அடுத்த முறை மருத்துவரோ செவிலியரோ "மது அருந்துவதுண்டா?" என்று கேட்கும்போது, உண்மையை உள்ளபடி சொல்லுங்கள். அந்த விடை உங்கள் சிகிச்சைத் தாளில் மட்டுமே எழுதப்படும்.